வழியில் கண்ட முகம்

புகைப்படத்தைப் பற்றிப் பேசும்போது நம் மொழி இரண்டு வினைச்சொற்களைக் கையாளுகிறது. படம் 'எடுக்கிறோம்' என்கிறோம். படம் 'பிடிக்கிறோம்' என்றும் சொல்கிறோம். எடுப்பதென்றால் அது யாரிடமிருந்தோ எடுக்கப்படுகிறது. பிடிப்பதென்றால் யாரோ பிடிபடுகிறார். 'கொடுத்தல்' என்ற சொல் படத்தில் இருப்பவருக்கே வாய்க்கிறது. அவர்தாம் 'போஸ்' கொடுக்கிறார். நாள்தோறும் கவனமின்றிப் புழங்கும் இச்சொற்களுக்குள் ஓர் அறவியல் கேள்வி தங்கியிருக்கிறது. வழியில் கண்ட ஒரு மனிதரின் முகத்தை ஒருவர் படமாக எடுத்துச் செல்கிறார். அந்த முகத்துக்கு அவர் என்ன கடன்பட்டிருக்கிறார்?

முன்பு இக்கேள்வி எழுவதற்கு அதிக இடமில்லை. எங்கள் கோவில்பட்டி வட்டாரத்தில் படம் என்றால் அது ஸ்டுடியோவில் எடுக்கும் படந்தான். உருவங்களோடு நெடுங்காலப் பழக்கமுள்ள நகரம் இது. நாடகக் குழு ஒன்றுக்குத் திரைச்சீலை தீட்ட வந்து இங்கேயே தங்கிவிட்ட ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த தெய்வ உருவங்கள், சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிகள் வழியாக நாடெங்கும் வீடுகளுக்குச் சென்றன. அதே நகரின் ஸ்டுடியோக்களில், தீட்டிய திரைக்கு முன்னால், சலவை வேட்டியும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாகச் சுற்றுப்பட்டி மக்கள் வந்து அமர்ந்தார்கள். எப்படித் தோன்ற வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். காசும் அவர்களே கொடுத்தார்கள். படமும் அவர்களுக்கே வந்தது. சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

வழியில் எடுக்கும் படம் அப்படிப்பட்டதன்று. எடுத்தவரோடு அதுவும் ஊரைவிட்டுப் போய்விடுகிறது.

கரிசல் நிலத்தில் வாழ்க்கையின் பெரும்பகுதி வழியிலேயே நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கண் திறந்தால் இந்த மண்ணில் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தியும் விளையும். பொய்த்தால், கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஆகவே இங்குள்ளவர்கள் பிழைப்பைத் தேடி நடக்கிறார்கள். அறுவடை முடிந்த காடுகளில் கிடை போட ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராய்ச் செல்வோர், சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வருவோர், தீப்பெட்டி ஆலை வேனுக்காக விடியுமுன் சாலையோரம் தூக்குவாளியுடன் காத்து நிற்கும் பெண்கள் ஆகியோரை இவ்வழியில் போகும் எவரும் காணலாம். காமிராவுடன் வருகிறவர்களும் காண்கிறார்கள். இறங்கிப் படம் எடுக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளைக் கிராமத்துக்குத் திருப்பலிக்குச் சென்றபோது, அடுத்த காட்டில் கிடை போட்டிருந்த முதியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாமி, காமிராக்காரத் தம்பி ஒருத்தரு வந்து என்னைய நெறையப் படம் பிடிச்சிட்டுப் போனாரு. நல்ல பிள்ளை. அந்தப் படமெல்லாம் இப்ப எங்கன இருக்கும்?" அவர் குறை சொல்லவில்லை, காசும் எதிர்பார்க்கவில்லை. தம் முகம் தம்மைவிட்டு எங்கோ போயிருக்கிறது, அது எங்கே என்று மட்டும் அறிய விரும்பினார். மெய்யியல் படித்தவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பதை அவர் நேராகக் கேட்டுவிட்டார்.

உலகப் புகழ் பெற்ற படங்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். 1936-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நிப்போமோ என்ற ஊரருகே பட்டாணிப் பயிர் உறைபனியில் கருகிப்போயிற்று. பறிப்புக் கூலிக்கு வந்த குடும்பங்கள் சாலையோரக் கூடாரங்களில் பசியோடு கிடந்தன. அரசுத் துறை ஒன்றுக்காகப் படம் எடுத்துவந்த டாரதியா லாங், அங்கே ஒரு தாயைச் சில நிமிடங்களில் சில படங்கள் எடுத்தார். இரு பிள்ளைகள் அவள் தோள்களில் முகம் புதைத்திருக்க, கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்க்கும் அந்தத் தாயின் படம் உலகறிந்தது. அவள் பெயரை லாங் கேட்கவில்லை. செய்தி வெளியானதும் அம்முகாமுக்கு உணவு வந்தது. அதற்குள் அவளுடைய குடும்பம் வேறிடம் போய்விட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக 'புலம்பெயர்ந்த தாய்' என்றே அறியப்பட்ட அவர், புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார். அரசுப் பணியில் எடுத்த படமாதலால் லாங்குக்கும் அதில் விற்பனைப் பணம் வரவில்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும். 1983-இல் தாம்சன் நோயுற்றபோது அவர் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். முப்பதாயிரம் டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டே அவர் இறந்தார். கடன் திரும்பியது, ஆனால் நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து.

பிரேசில் நாட்டவரான செபஸ்தியாவோ சல்காதோ (1944–2025) படக்கலையைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். பொருளியல் படித்து, பன்னாட்டுக் காப்பி அமைப்பில் வேலை பார்த்துவந்த அவர், மனைவி வாங்கிய காமிராவைக் கையில் எடுத்தார். 1973-இல் வேலையை விட்டுவிட்டுப் படமெடுப்பதையே வாழ்வாக்கிக்கொண்டார். போரும் வறுமையும் துரத்த ஊர்விட்டு ஊர் நடக்கும் மக்களை 1990-களில் பல ஆண்டுகள் பல நாடுகளில் பின்தொடர்ந்து அவர் எடுத்த படங்கள் 2000-இல் நூலாக வந்தன. அந்தப் படங்களின் அழகையும் அவலத்தையும் கண்டு உலகம் வியந்தது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் மட்டும் 2003-இல் ஒரு கடுமையான கேள்வியை எழுப்பினார்: இத்தனை முகங்களில் ஒன்றுக்குக்கூட ஏன் பெயர் இல்லை? புகழ்பெற்றவர்களின் படத்துக்கு மட்டுமே பெயர் வேண்டுமா? பெயரற்ற ஏழை, தன் தொழிலுக்கும் துன்பத்துக்கும் எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடுகிறான் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தின் வலிமையை விவிலியம் அறிந்தவர் எளிதில் உணர்வர். தொடக்கநூலின் பதினாறாம் அதிகாரத்தில் ஒரு பெண் வழியில் நிற்கிறாள். சாராயின் கொடுமை தாங்காமல் ஓடிவந்த எகிப்தியப் பணிப்பெண் அவள். அந்த அதிகாரத்தில் ஆபிராமும் சாராயும் அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பணிப்பெண் என்றே குறிப்பிடுகிறார்கள்; அவள் பெயர் அவர்கள் வாயில் வரவில்லை. பாலைநிலத்தில், சூருக்குச் செல்லும் வழியில், நீரூற்றருகே அவளைச் சந்திக்கும் ஆண்டவரின் தூதரே அவளை 'ஆகார்' என்று முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைக்கிறார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்றும் கேட்கிறார். அதன் பின்னரே அவள் கடவுளுக்கு ஒரு பெயர் சூட்டுகிறாள்: தன்னைக் காண்கின்ற கடவுள். 'காணப்பட்டேன்' என்று அவள் சொன்னது, தூரத்தில் ஒரு கண் தன்மீது பட்டதற்காக அன்று. பெயர் சொல்லி அழைத்து, வழி கேட்டு, தன் சொல்லுக்குக் காத்திருந்த ஒருவரைக் கண்டதற்காக.

இங்கே திருச்சபை வரலாற்றின் ஒரு பழைய வழக்கும் நமக்கு உதவும். திருவுருவங்களை வணங்கலாமா என்ற கலகம் கீழைத் திருச்சபையைப் பல்லாண்டுகள் உலுக்கியது. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் அதற்குத் தந்த விடை யாவரும் அறிந்ததே: உருவத்துக்குச் செய்யும் வணக்கம் உருவத்தோடு நின்றுவிடுவதில்லை, அது யாருடைய உருவமோ அவரைச் சென்று சேர்கிறது. புனிதர்களின் உருவங்களைப் பற்றிச் சொன்ன இக்கோட்பாட்டைக் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட ஒவ்வொரு முகத்துக்கும் நாம் விரித்துப் பார்க்கலாம். படத்துக்குச் செய்யும் மரியாதை அதிலுள்ள மனிதரைச் சேர்கிறது என்றால், படத்துக்கு இழைக்கும் அவமதிப்பும் அவரையே சேரும். ஏழை முகத்தை அலங்காரப் பொருளாகத் தொங்கவிடுவது காகிதத்தோடு முடிந்துபோகிற செயலன்று. யூத மெய்யியலார் இம்மானுவேல் லெவினாஸ் (1906–1995) வேறு பாதையில் வந்து இதற்கு நெருக்கமான இடத்தை அடைந்தார். எதிரில் இருப்பவரின் முகமே நம்மீது விழும் முதல் கட்டளை என்பது அவர் கருத்து. கட்டளையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்ப்படியாமல் போவது எப்படி?

அப்படியானால் துன்புறுவோரைப் படம் எடுக்கவே கூடாதா என்று கேட்கலாம். அப்படிச் சொல்வது மற்றொரு தவறாகும். எங்கள் வட்டாரமே அதற்குச் சான்று. 1970, 80-களில் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகளை விடியுமுன் வண்டியேற்றித் தீப்பெட்டி ஆலைகளுக்குக் கொண்டுபோனார்கள். மருந்து படிந்த அச்சிறு விரல்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று, எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் மனச்சான்று விழித்ததில் படங்களுக்கும் பங்குண்டு. படம் ஒரு சாட்சியம். சாட்சியத்தைத் தடுப்பவன் ஏழையின் பக்கம் நிற்பவனல்லன்.

எடுக்கலாமா கூடாதா என்பதைவிட, எடுத்தவர் அதன்பின் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே முதன்மையானது. சாட்சி சொல்பவருக்கும் காட்சி பார்ப்பவருக்கும் வேறுபாடு உண்டு. காட்சி பார்ப்பவர் பார்த்து முடித்ததும் போய்விடலாம். சாட்சி சொன்னவரோ அவ்வழக்கோடு கட்டுண்டவர்.

அவ்வாறு கட்டுண்டு நின்றவர்கள் நம் மண்ணிலும் இருக்கிறார்கள். சென்னையில் பிறந்து, இலயோலாக் கல்லூரியில் பயின்ற பத்திரிகையாளர் பி. சாய்நாத், 1990-களில் நாட்டின் மிக ஏழை மாவட்டங்களைத் தேடிச் சென்றார். பதினாறு வகை வாகனங்களில் பயணம் செய்து, அவற்றோடு 5,000 கிலோமீட்டர் கால்நடையாகவும் நடந்து அவர் எழுதியவை 1996-இல் நூலாயின. அம்மாவட்டங்களுள் நம் அண்டை நிலமான இராமநாதபுரமும் ஒன்று; மிளகாய் விவசாயி தரகரிடம் சிக்கித் தவிக்கும் கதையை அதில் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். பேனாவோடு காமிராவையும் சுமந்து சென்ற அவர், உழைக்கும் கிராமப் பெண்களை எடுத்த படங்களைக் கலைக்கூடங்களில் மட்டும் வைத்துவிடவில்லை. பேருந்து நிலையங்களுக்கும் ஆலை வாயில்களுக்கும் தொழிலாளர் கூட்டங்களுக்கும் கொண்டுபோனார். படத்தில் உள்ளவர்களைப் போன்றவர்களே படத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 2014 டிசம்பரில் அவர் தொடங்கிய 'பாரி' என்னும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகத்தில், படத்தின் கீழே பொதுவாக அம்மனிதரின் பெயரும் ஊரும் இருக்கும். சான்டாக் கேட்டதற்குப் பதிலைப் போன்று இதைக் கொள்ளலாம்.

அக்காப்பகத்தின் புகைப்படக் கலைஞர் மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமார். மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த தாயின் மகன். பொறியியல் படித்தவர். 2013-இல் கடன் பணத்தில் முதல் காமிராவை வாங்கினார். தெருவும் கடற்கரையும் உப்பளமும் அவருக்குப் பாடசாலையாயின. மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையை வெளிப்படுத்தி, திவ்யபாரதி இயக்கத்தில் 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவரே. இராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலில் வேகும் பெண்கள் என்று நம் பகுதி மக்களின் உழைப்பை இவர் பதிவு செய்திருக்கிறார். தம் தாயின் மீன் வணிகத்தையும் படங்களாக்கியிருக்கிறார். 2022-இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருதாளர் ஆனார்.

இவரிடம் நான் மிகவும் மதிப்பது விருதை அன்று. மீனவக் குடும்பங்கள், தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் போன்றவற்றின் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுத்து, அவர்களைப் படம் எடுக்கப் பழக்குகிறார். இதுவரை பிறர் எடுத்த படங்களில் மட்டும் இருந்துவந்த பிள்ளை, தன் தாய் வேலை செய்வதைத் தானே பார்த்து, தான் விரும்பும் கோணத்தில் படமாக்குகிறது. எடுப்பதிலிருந்து கொடுப்பதற்குச் செல்லும் தூரத்தை இதைவிட நன்றாகக் கடக்க முடியுமா என்று தெரியவில்லை. சல்காதோவும் தம் வழியில் அத்தூரத்தைக் கடக்க முயன்றார். 1994-இல் ருவாண்டாவின் படுகொலைகளைக் கண்டு உடலும் உள்ளமும் நொந்த அவர், பிறந்த ஊருக்குத் திரும்பி, மரங்களை இழந்து வறண்டு கிடந்த குடும்பப் பண்ணையில் மனைவியோடு காடு வளர்க்கத் தொடங்கினார். 1998-இல் அதற்கென ஓர் அமைப்பையும் நிறுவினார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அங்கே நடப்பட்டன.

இவையெல்லாம் படக்கலைஞர்களைப் பற்றிய செய்திகள், நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். கைப்பேசி வந்தபின் நாம் அனைவரும், யாரிடமும் கற்காமல், வழியில் படம் எடுக்கிறவர்களாகிவிட்டோம். நல்ல சமாரியர் உவமையில் (லூக்கா 10:30–37) மூவருமே அடிபட்டவனைக் கண்டார்கள். கண்டதில் வேறுபாடில்லை, கண்டபின் செய்ததில்தான் வேறுபாடு. இன்று அவ்வழியில் நான்காவது ஆள் ஒருவரும் வருகிறார். அவர் விலகிப் போவதில்லை, நிற்கிறார். ஆனால் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். எங்கள் நான்குவழிச் சாலையில் விபத்து நடந்த இடங்களில் அவரைப் பலமுறை கண்டிருக்கிறேன். குருவும் லேவியரும் சுற்றிப் போனார்கள். இவர் அருகில் வந்தும் தொலைவில் இருக்கிறார்.

உதவினால் வழக்கில் சிக்குவோம் என்ற அச்சம் முன்பு ஒரு காரணமாயிருந்தது. அதுவும் இன்று பெரிதும் நீங்கியிருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகளும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும், விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. சட்டம் அவருக்குச் சூட்டியிருக்கும் பெயரே நல்ல சமாரியர் என்பதுதான். நற்செய்தியின் சொல் நாடாளுமன்றத்தின் சட்டநூலில் ஏறிவிட்டது. நற்செய்தியைக் கையில் வைத்திருப்பவர்கள் கைப்பேசியை இறக்க வேண்டாமா?

நம் ஆலய வளாகங்களிலும் இதன் இன்னொரு வடிவம் உண்டு. விழா நாளில் ஏழை விதவைக்கு ஒரு சேலையோ அரிசிப் பையோ தருகிறோம். தரும் கை ஒரு கணம் நிற்கிறது. பெறுபவர் காமிராவைப் பார்க்கச் சொல்லப்படுகிறார். அடுத்த நாள் அந்த முகம் ஊரெங்கும் சுற்றுகிறது. தருபவரின் பெயர் கீழே இருக்கும். பெறுபவரின் பெயர் இராது. அந்த அரிசிக்கு அவர் தம் முகத்தை விலையாகக் கொடுத்துவிட்டார். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று கற்பித்தவரின் முன்னிலையிலா இது நடக்கிறது?

தவக்காலத்தில் நம் கிராமங்களில் சிலுவைப் பாதை தெருவழியே செல்லும். ஆறாம் நிலையில் வெரோனிக்காவைக் காண்கிறோம். நற்செய்தி நூல்களில் அவள் இல்லை. திருச்சபையின் நெடிய பக்தி மரபு அவளைப் போற்றிக் காத்துவந்திருக்கிறது. வழியில் துன்புறும் ஒரு முகத்தின் படத்தைத் தாங்கி நிற்பவள் அவள். ஆனால் படம் வேண்டும் என்று அவள் வரவில்லை. இரத்தமும் புழுதியும் வழிந்த முகத்தைத் துடைக்க வந்தாள். கூட்டத்தையும் படைவீரரையும் தாண்டி, கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தாள். துடைத்த துணியில் முகம் பதிந்திருந்தது. முதலில் துடைத்தாள்; படம் பின்னர் வந்தது. அவள் எடுக்கவில்லை, அவளுக்குக் கொடுக்கப்பட்டது.

அந்த வரிசை நமக்கும் வேண்டும். முதலில் நிற்பதும் தேவையானதைச் செய்வதும். பிறகு பெயர் கேட்பதும் இசைவு கேட்பதும். அதன் பின்னரே படம். எடுத்த படத்தின் ஒரு படியை உரியவர் கையில் சேர்ப்பது இறுதிக் கடமை.

இக்கடமை எவ்வளவு பெரியது என்பதை அறிய, எங்கள் ஊர்ப் பக்கத்துத் துக்க வீடுகளுக்கு வர வேண்டும். அறுபது ஆண்டுகள் பருத்தி எடுத்த ஒரு மூதாட்டி இறந்துபோனால், கண்ணீர் அஞ்சலிப் பலகைக்குப் படம் தேடுவார்கள். பல வீடுகளில் கிடைப்பது அடையாள அட்டையில் உள்ள படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கினால் முகம் கலங்கித் தெரியும். கணக்குக்காக அரசு எடுத்த அந்த ஒரு படத்தைத் தவிர, அன்புக்காக யாரும் எடுத்த படம் அவருக்கு இல்லை.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குபவராகவோ, கோவில் முற்றத்தைப் பெருக்குபவராகவோ இருப்பார். இந்த வாரம் அவரிடம் சென்று பேசுங்கள். எந்தச் சேலையில், எந்த இடத்தில் படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள். எடுத்த படத்தைக் காகிதத்தில் போட்டு, பின்புறம் அவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி, அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அப்படத்தை வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்.